155 பஸ்ஸை யார் வரைவார்?

ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு முகமூடி மாயாவியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மண்டை ஓட்டு மோதிரம், குகைக்குள் சிம்மாசனம், காலடியில் ஓநாய். லீ ஃபோக் உருவாக்கிய அந்த வீரனை 1961 முதல் 1994 வரை வரைந்தவர் சை பாரி என்ற அமெரிக்க ஓவியர். புத்தகக் கடை வாசலில் தொங்கிய அந்த இதழ்களுக்காகச் செட்டியார் தெருவுக்கு நடந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு, அதே கை அதற்கு முன்னர் இன்னொரு சித்திரக்கதையை வரைந்திருந்தது தெரியாது. அதில் முகமூடியும் இல்லை, காடும் இல்லை. ஒரு நகரமும் அதன் பஸ்களும் அந்தப் பஸ்களில் ஏற மறுத்த மக்களும் இருந்தார்கள்.

1957 டிசம்பரில் 'ஃபெலோஷிப் ஒஃப் ரிகன்சிலியேஷன்' என்ற சமாதான அமைப்பு அதை வெளியிட்டது. பெயர் 'மார்ட்டின் லூதர் கிங்கும் மொன்ட்கொமறி கதையும்'. 16 பக்கம், விலை 10 சதம். அல்ஃபிரட் ஹாஸ்லரும் பென்டன் ரெஸ்னிக்கும் எழுதினார்கள். வரைந்தவர் பெயர் புத்தகத்தில் இல்லை. அது சை பாரி என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. இரண்டரை இலட்சம் பிரதிகள் அச்சாகி, பெரும்பாலும் தேவாலயங்கள், பாடசாலைகள், சங்கங்கள் வழியாகக் கைக்குக் கை போயின.

அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமறி நகரில் பஸ்ஸின் முன் பத்து ஆசனங்கள் வெள்ளையருக்கு உரியவை. அவை வெறுமையாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்பகுதி அவர்களுக்கு. நடுப்பகுதியில் உட்காரலாம், ஆனால் முன்பக்கம் நிரம்பி ஒரேயொரு வெள்ளையர் நின்றாலும் அந்த வரிசை முழுவதும் எழும்ப வேண்டும். முன்வாசலால் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, திரும்ப இறங்கிப் பின்வாசலுக்கு நடந்துபோய் ஏறச் சொல்வதும் வழக்கம். அந்த நடைக்குள் சாரதி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்ட நாட்களும் உண்டு. 1955 மார்ச்சில் 15 வயது மாணவி கிளோடெட் கொல்வின் எழும்ப மறுத்துக் கைதானார். அந்த வருடம் டிசம்பர் 1ஆம் திகதி மாலை, ஒரு பெரிய கடையில் தையல் வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரோசா பார்க்ஸும் மறுத்தார். 5ஆம் திகதி தொடங்கிய பஸ் பகிஷ்கரிப்பு 381 நாட்கள் நீடித்தது.

இப்படிப்பட்ட கதையைச் சொல்ல வருகிறவர்கள் ஒருவரை வீரராக்கி மேடையில் நிறுத்திவிடுவார்கள். இந்தப் பத்துச் சதப் புத்தகத்தின் அட்டையிலும் கிங்தான் இருக்கிறார். ஆனால் அதே அட்டை ஐம்பதாயிரம் பேர் கண்டுபிடித்த ஒரு வழியைப் பற்றிப் பேசுகிறது. உள்ளே கதை சொல்பவரும் பேர்போன தலைவர் அல்லர், அந்த ஊர்வாசிகளில் ஒருவர். காந்தியின் போராட்டம் ஒரு பகுதியாக வருகிறது. கடைசியில், உங்கள் ஊரிலும் இதை எப்படிச் செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்லப்படுகிறது. எதிரே நிற்பவரையும் மனிதராகப் பார்க்கவேண்டும் என்பது அந்தப் படிகளில் ஒன்று.

அந்தப் போராட்டத்தில் என்னை அதிகம் பாதித்த விஷயம் ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் வென்று பஸ்ஸில் திரும்ப ஏறுவதற்கு முன், தேவாலயங்களில் கதிரைகளைப் பஸ் ஆசனங்கள் போல வரிசையாக அடுக்கி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சாரதி. சிலர் வெள்ளையர்கள். சிலர் புதிதாக முன்பக்கம் உட்காரப் போகிறவர்கள். ஏசினால் என்ன செய்வது, தள்ளினால் என்ன செய்வது என்று நடித்துப் பழகினார்கள். நடித்தவர்களில் சிலர் உணர்ச்சிவசப்பட்டுத் திருப்பி ஏசத் தொடங்கியதும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியதும் உண்டு. ஒரு பஸ் ஆசனத்தில் அமைதியாக உட்காருவதற்கு ஒரு சமூகம் இவ்வளவு பயிற்சி எடுத்தது.

தார் வாளி

அந்தப் புத்தகம் அமெரிக்காவில் கைமாறிக்கொண்டிருந்த அதே வாரங்களில் இலங்கையிலும் பஸ்தான் பேச்சாக இருந்தது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. பிரதமர் பண்டாரநாயக்க, பொறுப்பான அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க. இலாபம் வராத ஊர்களுக்கும் பஸ் ஓட வழி வந்ததில் இந்தச் சபைக்குப் பெரிய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதர் பட்டணத்துக்கு வந்துபோனதும் அந்தப் பஸ்களில்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வருடம் மார்ச்சில் வடக்குக்கு அனுப்பப்பட்ட சபையின் பஸ்களில், இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தது. தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழ் எழுத்தை வரைந்தார்கள். சில நாட்களுக்குள் தெற்கில் தார் வாளியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பூசி அழித்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க, அந்தக் கட்சியின் தலைவர் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம். மொன்ட்கொமறியில் ஆசனங்களுக்கு நடுவே கோடு விழுந்தது. எங்களுக்கு அது பஸ்ஸின் நெற்றியிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஒரு சித்திரக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? பஸ், எழுத்து, தூரிகை, தார், கிழிந்த ஒப்பந்தம் எல்லாமே கண்ணால் காணக்கூடியவை. அப்படியிருந்தும் 1958இன் பஸ் எங்களுக்குப் பாராளுமன்ற உரைகளிலும் ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளிலும்தான் கிடைக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க ஒன்றுமில்லை.

வந்ததும் வராததும்

அமெரிக்கக் கோட்டோவியம் இந்தத் தீவுக்கு வராமல் இருந்ததில்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு டைட்டஸ் தொட்டவத்த 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று பக்ஸ் பனியைச் சிங்களம் பேசவைத்தார். டெக்ஸ் ஏவரியும் சக் ஜோன்ஸும் வளர்த்த அந்த முயல் பேசிய சிங்களத்தைக் கேட்டே அந்த மொழியின் வேகத்தைப் பழகிய தமிழ்ப் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் ஏராளம். தொட்டவத்த செய்தது வெறும் குரல் மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாத்திரங்களை இந்த மண்ணின் ஆட்களாகவே ஆக்கிவிட்ட பெரிய கலைஞர் அவர். இன்றும் ஸ்கூல் வான்களின் முதுகில் டொம்மும் ஜெரியும் துரத்திக்கொண்டு போகிறார்கள். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளைத் தாண்டி நடந்தால், டுவீட்டியிலிருந்து ஸ்பைடர்மேன் வரை எல்லாரும் ஸ்டிக்கராகக் கண்ணில் படுவார்கள்.

வராதது அமெரிக்க ஓவியத்தின் மற்றப் பாதி. ஜாக்கி ஓர்ம்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஓவியர் 1937இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையில் டோர்ச்சி பிரவுண் என்ற பெண்ணைப் பற்றித் தொடர்சித்திரம் வரைந்தார். தெற்கிலிருந்து நியூயோர்க்குக்கு ரயில் ஏறும் டோர்ச்சி, வெள்ளையருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்ற அறிவிப்பைப் பார்த்து, வாசிக்கத் தெரியாதவள் போல நடித்து வெள்ளையர் பக்கம் போய் உட்காருகிறாள். வாசகர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்பதை, மொழி தெரியாதவர் போல நின்று ஒரு சோதனைச் சாவடியைக் கடந்த எவருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு கறுப்பினப் பெண் கலைஞரான எலிசபெத் கேட்லெட் 1946இல் மெக்சிக்கோவுக்குப் போய் லினோலியத்தில் செதுக்கிய கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களில் ஒன்று பஸ்ஸின் உட்புறம். ரோசா பார்க்ஸ் கைதாவதற்குச் சுமார் ஒன்பது வருடங்களுக்கு முந்திய படம் அது. ஆசனங்களில் கறுப்பின மக்கள், முன்னே ஒரு பெண், ஆசனத்தில் அந்த இடம் கறுப்பினத்தவருக்கு மட்டும் என்ற அறிவிப்பு. தனக்கெனச் சிறப்பாக ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் இருப்பதாக அந்தப் பெண்ணே சொல்வதுபோலப் படத்துக்குப் பெயர் வைத்தார் கேட்லெட். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பொலிஸ் இல்லை. கன்னத்தில் உளியால் கீறிய வெள்ளைக் கோடுகளும், எங்கோ பார்க்கும் கண்களும், ஒரு பலகையும். ஒரு நகரத்தின் சட்டம் முழுவதையும் அவர் ஒரு ஆசனத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மருதானையில் ஏறும் கூட்டம்

155ஆம் இலக்க பஸ் மட்டக்குளியில் புறப்பட்டு, கொட்டாஞ்சேனை, மருதானை, நகர மண்டபம், தும்முல்லை, பம்பலப்பிட்டி வழியாக வெள்ளவத்தையைத் தாண்டித் தெற்கே போகிறது. கொழும்புத் தமிழரின் வரைபடம் வேண்டுமென்றால் இந்த பஸ்ஸில் ஏறினால் போதும். வடகொழும்பின் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளும், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொண்டுபோகும் சனமும், காலி வீதியின் புடவைக் கடைகளும், வெளிநாட்டுக் காசில் எழும்பிய அடுக்குமாடி வீடுகளும் ஒரே தடத்தில் வருகின்றன. நடுவில் மருதானை. ஸாஹிரா, ஆனந்தா, சென் ஜோசப் மூன்று கல்லூரிகளின் பிள்ளைகளும், ரயில் நிலையத்தில் இறங்கி வரும் அலுவலகக்காரரும் புட்போர்டில் தொங்கும் இடம் இது.

உள்ளே பாருங்கள். சாரதியின் தலைக்கு மேல் புத்தர், பக்கத்தில் பிள்ளையார், சில பஸ்களில் குழந்தை யேசுவை ஏந்திய அந்தோனியாரும். மூவருக்கும் ஒரே பிளாஸ்டிக் மாலை, ஒரே மின்மினி விளக்கு. முன் ஆசனம் மதகுருமாருக்கு என்று மும்மொழியில் எழுதியிருக்கும். தமிழ் வரியில் ஒரு எழுத்தாவது பிழைத்திருக்கும். வாசலில் நிற்கும் நடத்துநர் கூவும் ஊர்ப்பெயர்களில் கமா, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. பின்னால் ஒரு அம்மா தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டு வருகிறார். அவர் குரலை அடக்கிப் பேசுகிறாரா, இயல்பாகப் பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். நாட்டின் நிலவரம் அதில் தெரியும். 2009க்கு முன்னர் இந்த பஸ்ஸில் தொலைபேசி அடித்தால் எடுக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மருதானைக்கு வேறு பழங்கதைகளும் உண்டு. 1899இல் தொடங்கிய ட்ராம் கோட்டையிலிருந்து பொரளைக்குப் போகும்போது இந்த வழியால்தான் போனது. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானைப் பொலிஸ் நிலையத்தைச் சுற்றிக் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1960இல் ட்ராம் நின்றது. 1953இல் வந்த ட்ரொலி பஸ்களும் 1964உடன் முடிந்தன.

இவற்றையெல்லாம் வரைய இலங்கையில் கோடு போடத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. நவீன ஓவியர்களின் '43 குழுவில் இருந்த ஒப்ரி கொலெட், அரசியல்வாதிகளின் மூக்கையும் வயிற்றையும் நாடறியச் செய்தார். டபிள்யூ. ஆர். விஜேசோமவின் புஞ்சி சிங்ஹோ சாதாரண மனிதனாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். கமிலஸ் பெரேராவின் கஜமானும் சிரிபிரிஸும் வீட்டுப் பிள்ளைகள் போல ஆனார்கள். 1970களில் 'சதுட்ட', 'சித்தர' போன்ற சிங்களச் சித்திரக்கதைத் தாள்கள் பஸ்ஸில் கைக்குக் கை போயின. தமிழில் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் தினகரனில் சவாரித் தம்பரை உலவவிட்டு, 1963இல் கொழும்பிலிருந்தே 'சிரித்திரன்' இதழைத் தொடங்கினார். பம்பாயில் படித்துத் திரும்பியவர். யாழ்ப்பாணத்தாரின் போலிப் பெருமையை அவர் போல் எவரும் கிழித்ததில்லை. அவர் படைத்த மிசிஸ் டாமோடிரன் இன்றும் வெள்ளவத்தையில் உயிரோடு இருக்கிறார்.

இவர்கள் பெரும்பாலும் ஒற்றைப் படம், அல்லது நாலு கட்டத் துணுக்கு வரைந்தவர்கள். அந்த வடிவத்துக்கு ஒரு அமைச்சர் வேண்டும், ஒரு கொட்டாவி வேண்டும், ஒரு பதில் வேண்டும். பஸ் அதில் அடங்காது. ஏறுவது, நெரிவது, நிறுத்தப்படுவது, இறக்கப்படுவது என்று அதற்குத் தொடர்ச்சி தேவை. பதினாறு பக்கமாவது தேவை.

கறுப்பு ஜூலையின் அடையாளமாக உலகம் அறிந்த படம் ஒரு பஸ் தரிப்பிடத்தில்தான் எடுக்கப்பட்டது. பொரளையில், 1983 ஜூலை 24 இரவு தாண்டிய நேரம், ஆடை களையப்பட்டுக் குறுகி உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழர், எதிரே சிரித்தபடி நிற்கும் இளைஞர்கள். 'அத்த' பத்திரிகையின் சந்திரகுப்த அமரசிங்க எடுத்தது. மருதானையிலிருந்து ஒரு சில ஹோல்ட் தூரம். அந்தப் புகைப்படம் இல்லையென்றால் அந்த இரவை மறுப்பது இன்னும் எளிதாக இருந்திருக்கும். ஆனால் புகைப்படம் ஒரு கணத்தைத்தான் தரும். அவர் எந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார், எங்கே போக நினைத்தார் என்பதைத் தராது. அதை ஓவியர்தான் தரமுடியும்.

மற்றப் பக்கத்தையும் வரையவேண்டும். 1987 ஏப்ரல் 21 அன்று புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. 1998 மார்ச் 5 அன்று மருதானையிலேயே இன்னொன்று வெடித்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தத்தம் வழியே போய்க்கொண்டிருந்த சாதாரண மக்கள் அவர்கள். தமிழ் ஓவியர் ஒருவர் இந்தச் சம்பவங்களைத் தவிர்த்துவிட்டு 83ஐ மட்டும் வரைந்தால் அந்தப் புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன்.

2007 ஜூன் 7 விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் அதிகமான தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுக்குப் போக வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள். அடுத்த நாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். மொன்ட்கொமறியில் மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். இங்கே மறுக்க வழியில்லாமல் ஏற்றப்பட்டார்கள். ஏறியவர்களில் பலர் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்பு (காணிப் பதிவேடு) வடிவப் புத்தகத்தில், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களும் அவருடைய ஓவியங்களும் சேர்ந்து இருக்கின்றன. இழந்த வீட்டைப் பற்றி இத்தனை நேர்த்தியான நூலை நான் பார்த்ததில்லை. 2019இல் பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சி பொலொக்கும் ஆங்கிலத்தில் 'வன்னி' என்ற சித்திர நாவலைக் கொண்டுவந்தார்கள். நல்ல புத்தகம். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் வரைந்தது. கொழும்புத் தமிழரின் நகரம், அதன் பஸ், அதன் தினசரிப் பயம், தினசரிச் சிரிப்பு, தமிழில் சித்திரக்கதையாக என் கண்ணில் இன்னும் படவில்லை.

மலிவான ஒரு சித்திரக்கதையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பதின்ம வயதில் மொன்ட்கொமறிப் புத்தகத்தைப் படித்த ஜோன் லூயிஸ் பின்னர் சிவில் உரிமைப் போராட்டத்தின் முன்வரிசைக்கு வந்து, அமெரிக்கக் காங்கிரஸில் பல பத்தாண்டுகள் இருந்தார். முதுமையில் தன் கதையை, நேட் பவல் வரைய, 'மார்ச்' என்ற சித்திரக்கதையாகவே சொன்னார். அதன் மூன்றாம் தொகுதிக்கு 2016இல் அமெரிக்க தேசிய நூல் விருது கிடைத்தது. 2008இல் மொன்ட்கொமறிப் புத்தகம் அரபுக்குப் போய் எகிப்தில் விநியோகமானது. தமிழுக்கும் அது வரவேண்டும். மொழிபெயர்க்க ஒரு வாரம் போதும்.

அதைவிட அவசரமான வேலை நம்முடையது. 1958இல் பஸ்ஸில் போன இளைஞர் இன்று எண்பதைத் தாண்டியவர். 83இல் பொரளையில் இறங்கப் பயந்து மருதானையில் இறங்கி நடந்த பெண்ணுக்கு இன்று பேரப்பிள்ளைகள். அவர்கள் சொல்லும்போது பதிவுசெய்து வைக்க ஒரு தொலைபேசி போதும். வரையத் தெரிந்த பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். ஜப்பானிய மங்காவைப் பார்த்து அழகாக வரைகிறார்கள், அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். வார இதழ் ஆசிரியர்கள் வாரம் இரண்டு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கி, வரைந்ததற்குக் கூலியும் கொடுக்கவேண்டும். கூலியில்லாமல் எந்தக் கலையும் இரண்டாம் இதழைத் தாண்டாது. உங்கள் வீட்டில் பென்சில் பிடிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், இந்த ஞாயிறு அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கூட்டிப்போய் உட்காரவையுங்கள். எந்த இலக்க பஸ், எந்த ஹோல்ட், எந்தப் பக்கத்து ஆசனம் என்பதிலிருந்து கேட்கச் சொல்லுங்கள்.